தீர்ப்புச் சொல்வதற்கு முன் கேட்கக் கற்போம்

(ஆர்.கே.பேட்டையில் நம் அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.



நம் அறக்கட்டளைக்கு என்னென்ன விண்ணப்பங்கள் வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் படிப்புச் செலவு, ஆபரேஷன் செலவு, ஏழைப் பெண்ணின் நிக்காஹ் உதவி, ஆதரவற்ற முதியவர்களுக்கு மாத அரிசி. இவையெல்லாம் காகிதத்தில் வரும். ரேஷன் அட்டை நகல், ஆதார் நகல் இணைத்து வரும்.

காகிதத்தில் வராத விண்ணப்பம் ஒன்றும் உண்டு. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, செருப்பு விடும் இடத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி நிற்பார். "பாய், உங்ககிட்ட ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்" என்பார். அந்த ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமாகும். மகனும் மருமகளும் ஒரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. வீட்டைப் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை. மகள் சாப்பிடுவதில்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை. கல்லூரிக்குப் போன பையன் பாதியில் நின்றுவிட்டான். பணத்தால் தீராத விண்ணப்பங்கள் இவை.

இவற்றை இத்தனை ஆண்டுகளாக நாங்கள் எப்படிக் கையாண்டோம்? அலுவலகத்தில் பெரிய மேசை ஒன்று உண்டு. மேசைக்குப் பின்னால் நாங்கள் நான்கைந்து பேர் அமர்வோம். எதிரே பையன் வீட்டு ஆண்களும் பெண் வீட்டு ஆண்களும் அமர்வார்கள். பெண் கதவோரம் நிற்பாள். முதலில் யார் குரல் உயர்கிறதோ அவர் சொன்னதைக் கேட்போம். பிறகு மற்றவரை அதட்டுவோம். கடைசியில் அந்தப் பெண்ணிடம், "பொறுத்துப் போம்மா, ஸபர் செய்" என்போம். பையனிடம், "இனிமேல் இப்படி நடந்துக்காதே" என்போம். துஆ ஓதி முடித்து, டீ குடித்துவிட்டுக் கலைவோம். நல்ல காரியம் செய்தோம் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போவோம்.

அந்த நிம்மதி எவ்வளவு பொய்யானது என்பதை ஒரு பையனின் வயிற்றுவலிதான் எங்களுக்குக் காட்டியது.

ஒரு பையனின் வயிற்றுவலி

சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தைப் பெற்ற பிறகே, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதைச் சொல்கிறோம். யாராக இருக்கும் என்று தயவுசெய்து யூகிக்க வேண்டாம். நம்மிடம் சொல்லப்பட்ட பேச்சு அமானத். அதைத் தெருவில் அலசுவது கீபத் ஆகிவிடும்.

ஒன்பது வயதுப் பையன். அவனுடைய அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். அங்கேயே நான்கு பேரோடு அறை எடுத்துத் தங்கி, வார விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வருவார். வீட்டில் அம்மா, பாட்டி, இந்தப் பையன், அவன் தங்கை. பையனுக்கு அடிக்கடி வயிற்றுவலி. பள்ளிக்கூடம் போகமாட்டான். டாக்டர்கள் இரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். ஓதிப் பார்த்தார்கள், தாயத்தும் கட்டினார்கள். வலி போகவில்லை. அப்பா லீவு போட்டுப் போட்டுச் சம்பளம் குறைந்தது. சம்பளம் குறைந்ததால் சண்டை வந்தது. கடைசியில் பஞ்சாயத்து எங்களிடம் வந்தது.

நாங்கள் அரை மணி நேரத்தில் முடிவு சொன்னோம். பையன் நடிக்கிறான். தாய் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள். கண்டிப்பாக இருக்க வேண்டும். அந்தத் தாய் கதவோரம் நின்று கேட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தலையாட்டிவிட்டுப் போனாள். இரண்டு மாதம் கழித்துப் பையனுக்கு வலி அதிகமானது. தாய் தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் ரமலான் விடுமுறைக்கு வந்திருந்தார். எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் மனநலச் சமூகப்பணியில் மேற்பயிற்சி பெறுகிறவர். ஃபேமிலி தெரபி என்கிற குடும்பச் சிகிச்சையும் அந்தப் பயிற்சியில் ஒரு பாடம். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரிடம் யாருடைய பெயரையும் குறிப்பிடாமல் இந்தப் பையனைப் பற்றிக் கேட்டோம். ஒரு யோசனை சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் யோசனை சொல்லவில்லை, எங்களைக் கேள்வி கேட்டார்.

"சாச்சா, வலி எந்த நாள்ல வருது?"

எங்களுக்குத் தெரியவில்லை.

"வலி வந்தா அந்த வீட்டுல யாரு முதல்ல எழுந்து வருவாங்க? அப்ப மத்தவங்க என்ன செய்வாங்க? வலி இல்லாத நாள்ல அப்பாவும் அம்மாவும் எதைப் பத்திப் பேசிக்குவாங்க?"

எதுவுமே எங்களுக்குத் தெரியவில்லை. தீர்ப்பு மட்டும் சொல்லியிருந்தோம்.

"நான் இன்னும் படிக்கிறவ. சொந்த ஊர்க் குடும்பத்தை நான் பார்க்கக் கூடாது, சாச்சா. முறையாப் பார்க்கிற இடத்துக்கு அனுப்புங்க. எல்லாரையும் சேர்த்து அனுப்புங்க, பாட்டியையும்தான்" என்றார்.

அனுப்பினோம். என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன், ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவதற்கே ஒருவர் ஏன் ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். எங்களுக்கும் அந்தக் கேள்வி இருந்தது.

குடும்பம் கூட வந்த இடம்

மேல்நாடுகளில் நெடுங்காலம், மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்று நினைத்தார்கள். 1954 முதல் 1959 வரை அமெரிக்காவில் மர்ரே போவன் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். தீவிர மனநோய் உள்ளவர்களின் குடும்பத்தாரையும் மருத்துவமனை வார்டிலேயே தங்கவைத்து, அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்று கவனித்தார். அங்கே அது புதுமையாகப் பேசப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் நம் நாட்டிலும் இது நடந்தது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். நோயைப் பற்றி அவர்களுக்கு விளக்கினார். பராமரிப்பில் அவர்களையும் சேர்த்துக்கொண்டார். நம் ஊரிலிருந்து சோளிங்கர் வழியாகப் போனால் வேலூர். அங்கே பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலும் நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் தங்கும் முறையை வைத்தார்கள். வேலூர் அனுபவத்தைப் பற்றிய கட்டுரை 1963-இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழிலேயே வெளிவந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1970-களில் குடும்ப மனநலத்துக்கென்றே தனி மையம் உருவானது. இன்றும் பயிற்சி மாணவர்கள் அங்கே குடும்பச் சிகிச்சையைக் கற்கிறார்கள்.

ஆக, இது நமக்கு அந்நியமான கலை இல்லை. நம் பாட்டிமார் யாரையும் ஆஸ்பத்திரியில் தனியாக விட்டுவிட்டு வந்ததில்லை. அந்தப் பழக்கத்தையே ஒரு சிகிச்சை முறையாக வளர்த்திருக்கிறார்கள்.

குடும்பம் கூட இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாநிலத்தில் ஒரு வேதனையான சாட்சி உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தர்காவுக்கு வந்தால் சுகம் கிடைக்கும் என்று நம்பி, குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுச் சென்ற மனிதர்கள். அவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. களைத்துப்போன குடும்பங்கள் அவை. அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேச அன்று யாரும் இல்லை. பிற்காலத்தில் அதே ஏர்வாடி தர்காவில் துஆவும் நடக்கட்டும், மருந்தும் கிடைக்கட்டும் என்ற திட்டம் வந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது.

பயிற்சியில் என்ன கற்கிறார்கள்?

அந்தப் பிள்ளை எங்களுக்கு இரண்டு மாலை நேரம் விளக்கினார். நாங்கள் புரிந்துகொண்ட வகையில் சொல்கிறோம்.

முதலாவது, வந்த எல்லோரோடும் சேர்வது. குடும்பம் உள்ளே வந்ததும் பிரச்சினையைப் பேசத் தொடங்குவதில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிக்க வேண்டும். குழந்தையிடமும் பேச வேண்டும், காது கேளாத பாட்டியிடமும் பேச வேண்டும். "இந்த அறையில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது" என்று ஒவ்வொருவருக்கும் தோன்றாதவரை அடுத்த படிக்குப் போகக் கூடாது. பயிற்சியாளர்கள் இதற்கே பல வாரங்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். ஒருவர் மாமியாராக, ஒருவர் மகனாக நடிப்பார்கள். ஒருவர் சிகிச்சையாளராக அமர்வார்.

இரண்டாவது, குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைவார்கள். யார் எப்போது இறந்தார், யார் யாரோடு நெருக்கம், யார் பேசுவதை நிறுத்தினார் என்று கோடுகளில் குறிப்பார்கள். நம் முன்னோர் ஷஜரா எழுதிவைத்தார்கள். அதில் நஸப் தெரியும். இந்த வரைபடத்தில் உறவின் நலம் தெரியும். தன் தகப்பனாரும் இதே வயதில்தான் பிழைப்புக்காக வீட்டை விட்டு வெளியூர் போனார் என்பது, தாளில் பார்க்கும்போதுதான் சிலருக்கு உறைக்குமாம்.

மூன்றாவது, கேள்வி கேட்கும் விதம். நாம் கணவனிடம், "நீ ஏன் அடிக்கடி கோபப்படுகிறாய்?" என்று கேட்போம். அவர் உடனே தன் நியாயத்தைச் சொல்வார். பயிற்சி பெற்றவர் மகளிடம், "அப்பாவுக்குக் கோபம் வந்தால் அம்மா என்ன செய்வாங்க? அப்ப அண்ணன் எங்கே போவான்?" என்று கேட்பார். இருவருக்கு இடையில் நடப்பதை மூன்றாமவரிடம் கேட்கும் இந்த முறையை இத்தாலியின் மிலான் நகரத்து மருத்துவர்கள் வளர்த்தார்கள். இப்படிக் கேட்கும்போது குற்றவாளி யார் என்ற தேடல் நின்று, வீட்டில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியவரும்.

நம் ஊர் விசைத்தறிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். பாவில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழை அறுந்தால், அந்த இழையை மட்டும் திட்டிக்கொண்டிருப்பீர்களா? தறியை நிறுத்தி, இழுப்பு எங்கே அதிகம் என்று பார்ப்பீர்கள். வீட்டில் ஒரு பிள்ளை அறுந்து அறுந்து விழுந்தால் நாம் பிள்ளையை மட்டுமே பார்க்கிறோம்.

நான்காவது, பக்கம் சாயாமல் இருப்பது. இதுதான் மிகக் கடினம் என்று அந்தப் பிள்ளை சொன்னார். அவர் பயிற்சி பெறும் இடத்தில் அறையின் ஒரு சுவரில் ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடி இருக்கிறது. குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆசிரியர் அதன் பின்னால் அமர்ந்து கவனிப்பார். தேவைப்பட்டால் அறைக்குப் போன் செய்து வழிகாட்டுவார். இவர் முதன்முதலாகத் தனியே நடத்திய அமர்வில் ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். இவர் இருவரிடமும் சமமாகப் பேசியதாகவே நினைத்தார். அடுத்த வாரம் மாமியார் வரவில்லை.

ஆசிரியர் கோபப்படவில்லை. "மருமகள் பேசும்போது எத்தனை முறை தலையாட்டினாய், மாமியார் பேசும்போது எத்தனை முறை கடிகாரத்தைப் பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டாராம். அன்று இரவு இவருக்குத் தூக்கம் வரவில்லை.

"அந்த மருமகள் பேசுறப்ப எங்க அம்மி பேசுற மாதிரியே இருந்துச்சு, சாச்சா. எங்க தாதிமா அம்மியைப் பேசினதெல்லாம் மனசுல வந்துடுச்சு. அந்தக் கிழவியோட சேர்த்து எங்க தாதிமாவுக்கும் தீர்ப்புச் சொல்லிட்டேன்" என்றார்.

ஐந்தாவது பாடம் இதிலிருந்து வருகிறது. பிறர் குடும்பத்துக்குள் நுழைகிறவர் தன் குடும்பத்தைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். முன்னே சொன்ன மர்ரே போவன் 1967-இல் ஒரு மாநாட்டில், மற்ற மருத்துவர்கள் முன்னிலையில், தன் சொந்தக் குடும்பத்துக்குள் தான் செய்து பார்த்த மாற்றங்களையே எடுத்துப் பேசினார். அதன் பிறகு பயிற்சியாளர்கள் தங்கள் வீட்டு வரைபடத்தை வரைந்து பார்ப்பதும் பல இடங்களில் பாடத்தின் பகுதியானது. இதைக் கேட்டபோது எங்களில் ஒருவர் தலை குனிந்து சொன்னார்: "நான் எத்தனையோ அண்ணன் தம்பி பஞ்சாயத்துப் பண்ணியிருக்கேன். என் தம்பியோட பேசி ஏழு வருஷம் ஆச்சு." அல்ஹம்துலில்லாஹ், அவர் அந்தப் பெருநாளன்று தம்பி வீட்டுக்குப் போனார்.

ஆறாவது, எல்லை தெரிவது. அடி உதை நடக்கும் வீட்டில் கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசக் கூடாது. எதிரே அவர் இருந்தால் அவள் உண்மையைச் சொல்ல மாட்டாள். சொன்னால் வீட்டுக்குப் போனதும் அடி விழும். முதலில் அவளுக்குப் பாதுகாப்பு, பிறகுதான் மற்றதெல்லாம். உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று ஒருவர் சொன்னால் அது மிரட்டல் என்று தள்ளிவிடக் கூடாது. உடனே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். தீவிர மனநோய்க்கு மருந்து அவசியம். பேச்சு அதற்குத் துணைதான், மாற்று ஆகாது.

இது நம் மார்க்கத்துக்கு வெளியே உள்ளதா?

சில பெரியவர்கள், "நமக்குக் குர்ஆனும் ஹதீஸும் போதாதா? இந்தப் படிப்பெல்லாம் எதற்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஸூரத்துன் நிஸாவின் 35-ஆம் வசனத்தில் அல்லாஹ் என்ன வழி காட்டுகிறான்? கணவன் மனைவிக்குள் பிளவு வருமோ என்று அஞ்சினால், அவன் குடும்பத்திலிருந்து ஒருவரும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரும் நடுவராக வர வேண்டும் என்கிறான். இரண்டு பக்கத்துக்கும் ஆள் உண்டு. நம் மேசைக்குப் பின்னால் அவள் பக்கத்து ஆள் யார் இருந்தார்?

அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, முதலாமவர் பேச்சைக் கேட்டதுபோல இரண்டாமவர் பேச்சையும் கேட்காமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்ற கருத்தில் நபிகளார் (ஸல்) அறிவுரை கூறியதாக அபூதாவூதில் வருகிறது. அலீ (ரலி) போன்ற அறிவாளிக்கே அந்த அறிவுரை தேவைப்பட்டது. நாம் எம்மாத்திரம்?

இமாம் அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், கி.பி. 934-இல், மறைந்தவர். உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்து அவர் ஒரு மருத்துவ நூல் எழுதினார். கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் என்று உள்ளத்தின் துன்பங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் சொன்னார். நம் முன்னோர் தொட்ட துறைதான் இது. நாம்தான் பாதியில் விட்டுவிட்டோம்.

இன்னொரு சந்தேகமும் எழுந்தது. பெரிய பட்டம் பெற்றவர்கள் மட்டும்தான் இதைக் கற்க முடியுமா? அமெரிக்காவில் ஃபிலடெல்பியா நகரத்தில் சால்வடோர் மினுச்சின் என்ற புகழ்பெற்ற குடும்பச் சிகிச்சை மருத்துவர் இருந்தார். அவரும் அவருடைய நண்பர்களும், ஏழைக் குடும்பங்களுக்கு உதவ அதே மக்களிலிருந்து பட்டம் இல்லாதவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் தனியாக விடவில்லை. அவர்கள் வேலை செய்வதைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்து, தவறைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். நல்ல மனம் ஒரு தொடக்கம். மேற்பார்வையோடு கூடிய பயிற்சிதான் அதைப் பயனுள்ளதாக்கும்.

நாங்கள் எடுத்துள்ள முடிவுகள்

இரண்டு மாலை பாடம் கேட்டதால் நாங்கள் சிகிச்சையாளர்கள் ஆகிவிடவில்லை. அப்படி யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆனாலும் கீழ்க்கண்டவற்றை அறக்கட்டளைக் குழு ஏகமனதாக ஏற்றுள்ளது.

அலுவலகத்தில் அந்தப் பெரிய மேசை இனி இருக்காது. வட்டமாக நாற்காலி போடுவோம். பெண்களுக்கு முதலில் இருக்கை. குடும்ப விஷயம் கேட்கும் குழுவில் குறைந்தது இரண்டு பெண்கள் இருப்பார்கள். முதல் நாளில் தீர்ப்போ அறிவுரையோ இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்போம். வீட்டில் வன்முறை இருக்கிறதா என்று கட்டாயம் கேட்போம். இருந்தால் ஸுல்ஹ் பேச மாட்டோம், பாதுகாப்புக்கு வழி செய்வோம். கேட்டதை வெளியே சொன்ன உறுப்பினர் குழுவிலிருந்து நீக்கப்படுவார்.

சிகிச்சை தேவைப்படும் குடும்பத்தைத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ வேலூருக்கோ அனுப்புவோம். வண்டிச் செலவு நம்முடையது. வெளியே வர முடியாதவர்கள் அரசின் டெலி மனஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த எண்களைப் பள்ளிவாசல் பலகையிலும் பெண்கள் தொழும் பகுதியிலும் எழுதிவைக்கிறோம்.

கடைசியாக, இரண்டு பேரை, ஓர் ஆணும் ஒரு பெண்ணும், முறையான ஆலோசனைப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறோம். இதற்கு ஜகாத் நிதியைத் தொடமாட்டோம். ஸதகாவாகத் தருகிறவர்கள் தரலாம். நம் வீடுகளில் உருதும் தமிழும் பேசுகிறோம், சந்தையில் தெலுங்கும் பேசுகிறோம். மூன்று மொழியிலும் ஒரு குடும்பத்தின் கஷ்டத்தைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் நமக்குத் தேவை. மகளை நர்சிங் படிக்க அனுப்புகிறோம், பி.எட். படிக்க அனுப்புகிறோம். மனநலத் துறைக்கும் அனுப்புங்கள். "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற வேலை, யார் கட்டிக்குவாங்க?" என்று பேசாதீர்கள். நாம் சொன்ன அந்தப் பிள்ளை இந்த வார்த்தையை நம் தெருவில்தான் கேட்டிருக்கிறார்.

அந்தப் பையன்

பையனின் கதைக்கு வருவோம். பாட்டி உட்பட எல்லோரும் போனார்கள். அங்கே முதலில் உடம்பைப் பரிசோதித்தார்கள். பிறகு நாங்கள் கேட்கத் தவறிய அதே கேள்விகளைக் கேட்டார்கள். பையனின் தங்கை, ஆறு வயது, அவள்தான் பதில் சொன்னாளாம். "அப்பா பை எடுத்தா அண்ணனுக்கு வயிறு வலிக்கும். வலிச்சா அப்பா போகமாட்டாங்க. அன்னிக்கு யாரும் சண்டை போடமாட்டாங்க."

பெரியவர்கள் நால்வரும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம்.

பையன் நடிக்கவில்லை. வலி உண்மையான வலி. விடுமுறை நாள் முழுவதும் வீட்டில் சண்டை. அப்பா கிளம்பும் நேரத்தில் அவன் வயிறு சுருண்டுகொள்ளும். வலி வந்தால் அப்பா தங்குவார், அம்மாவும் அப்பாவும் சேர்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த வீட்டை ஒன்றாக வைத்திருக்கும் பொறுப்பை, தனக்கே தெரியாமல், ஒன்பது வயதுப் பிள்ளை தன் வயிற்றில் சுமந்துகொண்டிருந்தான். நாங்கள் அவனைக் கண்டிக்கச் சொன்னோம்.

அந்தக் குடும்பம் பல முறை போய் வந்தது. இப்போது அப்பா தினமும் இரவு ஷிப்டுக்கு முன் பையனோடு போனில் பேசுகிறார். பணக் கணக்கை விடுமுறை நாளில் பேசுவதில்லை என்று கணவனும் மனைவியும் வைத்துக்கொண்டார்கள். பாட்டிக்கும் ஒரு பொறுப்பு உண்டு, காலையில் பையனைப் பள்ளிக்கு அழைத்துப் போவது அவர்தான். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். எப்போதாவது வலி வருகிறது. ஆனால் அவன் பள்ளிக்குப் போகிறான்.

நாங்கள் அந்தத் தாயிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "என்கிட்ட மன்னிப்பு எதுக்கு, பாய்? அடுத்து வர்றவளை முதல்ல உட்காரச் சொல்லுங்க. அப்புறம் என்ன நடந்ததுன்னு அவகிட்ட கேளுங்க."

எங்கள் பயிற்சியின் முதல் பாடமாக அதையே எடுத்துக்கொண்டோம்.

நம் வீடுகளில் அன்பையும் அமைதியையும் அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக. பிறர் துயரை அமானத்தாகக் கேட்கும் காதை நமக்குத் தருவானாக. இந்தத் துறையில் கால் வைக்கும் நம் பிள்ளைகளுக்கு அறிவையும் பொறுமையையும் அதிகமாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.